பாதியில் நின்ற போர்வைகள்

அமெரிக்க தேசத்தில் ஒட்டுப்போர்வை தைக்கும் ஸ்திரீகள் இருவர் சந்தித்தால், க்ஷேம சமாசாரங்களை விசாரித்த பிறகு, "உங்களிடம் எத்தனை பி.எச்.டி. இருக்கின்றன?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதுண்டு. நம் நாட்டில் ஒரு பி.எச்.டி. பட்டம் வாங்குவதற்குள் மனிதனுக்கு மூக்குக் கண்ணாடியும் நரையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அங்கேயோ பேரன் பேத்தி எடுத்த பாட்டியம்மாள் சற்று நாணத்துடன், "இருபத்து மூன்று இருக்கும்" என்று பதில் சொல்கிறாள்! இதைக் கேட்டு அந்நாட்டின் கல்விப் பெருக்கத்தை எண்ணி நாம் பெருமூச்சு விட வேண்டியதில்லை. "புராஜெக்ட்ஸ் ஹாஃப் டன்" என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துக்களே அந்தப் பட்டம். பாதி முடிந்த வேலைகள் என்பது அதன் பொருள்.

இதே வஸ்துவுக்கு அவர்கள் இன்னொரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அது யு.எஃப்.ஓ. என்பது. வானத்தில் பறப்பதாகச் சொல்லப்படும் மர்மத் தட்டுகளின் பெயரை, "அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்", அதாவது முடிவு பெறாத பொருள், என்பதற்கு வேடிக்கையாக எடுத்துக் கொண்டார்கள். வானத்துத் தட்டுகளைக் கண்டோம் என்பவர்கள் வெகு சிலரே. இந்தத் தட்டுகளோ அலமாரியிலும், கட்டிலுக்கு அடியிலும், பழைய டிரங்குப் பெட்டிகளிலும் வீட்டுக்கு வீடு காணக் கிடைக்கின்றன.

வேடிக்கைப் பெயர்களுக்கு உள்ளே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. எடுத்த காரியத்தை முடிக்காமல் வைத்திருக்கிறோமே என்ற உறுத்தல்தான் அது. இப்படிச் சேர்ந்துபோன வேலைகளை எவ்வாறு ஒவ்வொன்றாகத் தீர்ப்பது என்பது அங்கே ஒரு தனி சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. ஊசி பிடித்தறியாதவர்களும் அதிலிருந்து தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் சில உண்டு.

மூன்று அடுக்கு

"குவில்ட்" என்று அவர்கள் சொல்லும் போர்வைக்கு மூன்று அடுக்குகள். மேலே, பல வர்ணத் துணித் துண்டுகளைக் கோலம் போல் இணைத்துத் தைத்த மேல்துணி. நடுவே, குளிரைத் தாங்கும் பஞ்சு. அடியில், பெரும்பாலும் ஒரே வர்ணமான அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவி, போர்வை முழுவதும் தையல் ஓட்ட வேண்டும். பிறகு நான்கு விளிம்புகளையும் மடித்துக் கரை கட்ட வேண்டும். இவ்வளவும் ஆனால்தான் அது போர்வை. மேல்துணி மட்டும் முடிந்திருந்தால், அது பார்ப்பதற்கு அழகான துணி, குளிருக்கு உதவாது.

நம் நாட்டுக்கும் இந்தக் கலை அந்நியமானதன்று. வங்காளத்துக் கிராமங்களில் பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, அப்புடவைகளின் கரையிலிருந்தே உருவிய வர்ண நூலால் சித்திரம் தீட்டியது போல் தைக்கும் "காந்தா" உலகப் பிரசித்தி பெற்றது. "கந்தா" என்ற வடசொல்லிலிருந்து வந்தது அப்பெயர். நம்முடைய "கந்தை"யும் அதே சொல்தான். நமக்கு அது ஏழ்மையைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. வங்காளியருக்கோ அது கலைப் பொருளின் பெயர். பாட்டி தொடங்கிப் பேத்தி முடித்த காந்தாக்களும் உண்டு என்பார்கள். அந்த வீடுகளில் பாதி வேலையை யாரும் குற்றமாக எண்ணவில்லை. அடுத்தவள் கைக்குப் போகும் வேலையாகவே எண்ணினார்கள்.

கொஞ்சம் கணக்கு

உபாத்தியாயர் எழுதும் கட்டுரையில் கணக்கு வராமல் இருக்குமா? வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1930-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களில் வெகுவாகப் பரவிய ஒரு கோலத்துக்குப் "பாட்டியின் பூந்தோட்டம்" என்று பெயர். அறுகோணத் துண்டுகளால் ஆனது அது. நடுவே ஒரு துண்டு, அதைச் சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு. ஆக 19 துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அறுகோணத்தின் ஒரு பக்கம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வைக்கு ஏறக்குறைய 2,770 துண்டுகள் வேண்டும். ஒரு துண்டை வெட்டி, மடித்து, அண்டைத் துண்டுகளோடு இணைக்கப் பத்து நிமிஷம் என்றால், மொத்தம் 460 மணிக்கு மேல் ஆகிறது. தினம் ஒரு மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் ஒன்றேகால் வருஷம்!

இது மேல்துணிக்கு மட்டும். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு வரிசையாக நீளவாக்கில் மட்டும் தைத்தாலும் 200 கஜம் தையல். அங்குலத்துக்கு எட்டுத் தையல் என்றால் 57,600 தடவை ஊசி ஏறி இறங்க வேண்டும். இதை எண்ணிப் பார்த்த பிறகு, பாதியில் நின்ற போர்வைகளைக் கண்டு ஆச்சரியப்படுவதை விட்டு, முடிந்த போர்வைகளைக் கண்டு ஆச்சரியப்படுவதே நியாயம் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் அவ்வளவு நெருக்கமாகத் தைத்தது அழகுக்காக மட்டுமன்று. அன்றைய பஞ்சு, இடைவெளி விட்டுத் தைத்தால், துவைக்கும்போது நகர்ந்து ஒரு மூலையில் உருண்டை கட்டிக்கொள்ளும். இன்று இயந்திரத்தில் அழுத்திக் கட்டப்பட்ட பஞ்சு வகைகள் வந்துவிட்டன. சிலவற்றுக்கு எட்டு, பத்து அங்குல இடைவெளி விட்டாலும் போதும். இந்த ஒரு செய்தி தெரியாமலேயே, பாட்டி தைத்தது போல் தைக்க வேண்டும் என்று பயந்து மேல்துணியை மடித்து வைத்திருப்பவர்கள் அநேகர்.

ஏன் நின்று போகின்றன?

வருஷத் தொடக்கத்தில் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. பத்தாம் பக்கத்தில் கோடு ஒற்றையாகும். நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு வெள்ளைத் தாள். தொடங்கும் உத்ஸாகம் எல்லாருக்கும் இயற்கை. அது இலவசமாகக் கிடைக்கிறது. தொடர்வதற்கு வேண்டிய உத்ஸாகத்தை நாமேதான் சம்பாதிக்க வேண்டும்.

ஆனால் சோம்பலே காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது அநியாயமாகும். வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, இடம். போர்வையை விறைப்பாகக் கட்டித் தைக்க ஒரு பெரிய மரச் சட்டம் வேண்டும். அதை விரித்தால் ஒரு அறை முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஆகையால் முற்காலத்து அமெரிக்கக் குடியானவர் வீடுகளில் குளிர் காலம் முழுவதும் கணப்பருகே உட்கார்ந்து மேல்துணிகளைத் தைத்துச் சேர்த்து வைப்பார்கள். வெயில் காலம் வந்ததும் சட்டத்தை விரித்து, அண்டை அயல் ஸ்திரீகளை அழைத்து, சுற்றி உட்கார்ந்து, பேச்சும் விருந்துமாகத் தைத்து முடிப்பார்கள். பலர் கூடும் அந்த வைபவம் குறைந்ததும், மேல்துணிகள் மேல்துணிகளாகவே தங்க ஆரம்பித்தன.

இரண்டாவது, கருவிகள். 1851-இல் ஐஸக் சிங்கர் தமது தையல் இயந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். துண்டுகளை இணைக்கும் வேலை அதனால் வேகம் பெற்றது. 1979-இல் ஓல்ஃபா என்னும் ஜப்பானியக் கம்பெனி ஒரு சக்கரக் கத்தியை வெளியிட்டது. கைப்பிடியின் முனையில் உருளும் கூரிய வட்டத் தகடு. அளவுகோலை வைத்து உருட்டினால் பல மடிப்புத் துணி ஒரே இழுப்பில் வெட்டுப்படும். கத்தரிக்கோலால் ஒரு நாள் முழுவதும் வெட்டியதை ஒரு மணியில் வெட்டிவிடலாயிற்று. மேல்துணி தயாரிக்கும் வேலை இப்படி ஓட்டமெடுக்க, மூன்றடுக்கையும் சேர்க்கும் வேலை மட்டும் பழைய நடையிலேயே நின்றது. ஒரு வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வந்து, மதகு மட்டும் சிறிதாக இருந்தால் என்ன ஆகும்? தேங்கத்தான் செய்யும்.

மூன்றாவது காரணம் மனத்தைத் தொடுவது. ஒவ்வொரு போர்வையும் யாரோ ஒருவருக்கென்று தொடங்கப்படுகிறது. குழந்தைக்கென்று தொடங்கியது முடிவதற்குள் அவன் மீசை வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடுகிறான். கலியாணத்துக்கென்று தொடங்கியது, அந்தக் கலியாணமே நடக்காமற் போகிறது. நோயாளிக்கென்று தொடங்கியது, அவர் எழுந்திருக்கவே இல்லை. அப்படிப்பட்ட துணியைத் திரும்ப எடுப்பதற்கு நேரம் மட்டும் போதாது.

நான்காவதாக, ஸ்திரீகளின் பொழுது. அது அவர்களுடைய சொந்தப் பொழுதாக எந்தத் தேசத்திலும் இருந்ததில்லை. அடுப்பில் பால் பொங்கும், குழந்தை அழும், விருந்தாளி வருவார். ஊசி குத்திய இடத்திலேயே நிற்கும். பாதியில் நின்ற ஒரு மேல்துணியைப் பார்த்து, "இவள் சோம்பேறி" என்று சொல்வதைவிட, "இவளை யாரோ கூப்பிட்டார்கள்" என்று சொல்வதே பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும்.

நின்று போனதும் நல்லதே

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1811-ஆம் வருஷம் மே மாதம் தம் அக்காள் கஸாண்டிராவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஒட்டுத்துணி வேலைக்குத் துண்டுகள் சேகரிக்க நினைவிருக்கிறதா என்று விசாரித்து, வேலை நின்று கிடப்பதாக முறையிட்டிருக்கிறார். அந்த வருஷந்தான் அவருடைய முதல் நாவல் அச்சாகி வெளிவந்தது. நாவல் எழுதி முடிப்பவர்களுக்கும் போர்வை நின்றுபோவதுண்டு என்று அறிவதில் நமக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் சாட்டன் கிராமத்தில் அவர் வாழ்ந்த வீடு இப்போது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. தாயும் இரு பெண்களும் சேர்ந்து தைத்ததாகப் பரம்பரையாகச் சொல்லப்பட்டுவரும் ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று அங்கே போற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் வழங்கும் தையல் முறை ஒன்றில், காகிதத்தை வேண்டிய வடிவத்தில் கத்தரித்து, அதன்மேல் துணியை மடித்துத் தற்காலிகமாக நூல் ஓட்டி, பிறகு துண்டுகளை விளிம்போடு விளிம்பாக இணைப்பார்கள். மேல்துணி முடிந்ததும் காகிதங்களை உருவி எறிந்துவிடுவார்கள். காகிதம் அருமையாக இருந்த நாட்களில் இதற்குப் பழைய கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், குழந்தைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் ஆகியவையே வெட்டுப்பட்டன. வேலை முடிந்த போர்வைகளிலிருந்து அவை போய்விட்டன. முடியாமல் நின்றவற்றில்தான் அவை உள்ளேயே தங்கியிருக்கின்றன. துணியைத் திருப்பிப் பார்த்தால், யாரோ ஒரு கடைக்காரரின் வரவு செலவும், யாரோ ஒரு சிறுமி எழுதிப் பழகிய எழுத்தும் துண்டு துண்டாகத் தெரிகின்றன. எப்போது தைத்தது, எப்படிப்பட்ட வீடு என்பதற்கெல்லாம் அவையே சாட்சி. பிரிட்டனில் தேதியிட்ட ஒட்டுத்துணி வேலைகளுள் மிகப் பழையதாக அறியப்படும் 1718-ஆம் வருஷத்துப் பட்டு விரிப்பிலும் காகிதங்கள் உள்ளே இருக்கின்றன.

ஆகையால், மிகப் பழைய மேல்துணி ஒன்று கையில் கிடைத்தால், அதை உடனே முடித்துவிட வேண்டும் என்று ஊசியை எடுக்கக் கூடாது. அது நின்ற இடத்திலேயே நிற்பதுதான் அதற்குப் பெருமை. இன்னொரு காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டுக்குக் கனம் ஏற்ற உலோக உப்புக்களில் தோய்த்து விற்றார்கள். 1876-இல் பிலடெல்பியா நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜப்பானியக் கலைப் பொருள்களைக் கண்டு மயங்கிய அமெரிக்க ஸ்திரீகள், அதற்கடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அப்படிப்பட்ட பட்டுத் துண்டுகளைக் கோணல் மாணலாக இணைத்து "பைத்தியப் போர்வை" என்னும் புது மோஸ்தரைக் கொண்டாடினார்கள். மோஸ்தர் போனதும் பல வேலைகள் பாதியில் நின்றன. அந்தப் பட்டு இன்று தொட்டால் நொறுங்குகிறது. இரும்புச் சத்துக் கலந்து சாயமேற்றிய பழைய கறுப்பு, பழுப்புத் துணிகளும் அவ்வாறே மக்கிப் போகின்றன. அவற்றின் மேல் ஊசி ஏற்றுவது உபகாரமாகாது.

நூற்றைந்து நாட்கள்

வேலை முடிவதற்கு என்ன வேண்டும் என்பதற்கு ஒரு கப்பல் கதை நல்ல பதில் சொல்கிறது. 1841-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ஆந் தேதி "ராஜா" என்னும் கப்பல் இங்கிலாந்தில் உல்விச் துறையிலிருந்து புறப்பட்டது. அதில் ஏறக்குறைய 180 ஸ்திரீகள், இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள். சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிஸபெத் ஃப்ரை அம்மையாரும் அவருடைய சங்கத்தாரும் அப்படிப் போகும் ஒவ்வொரு கைதிக்கும் ஊசி, நூல், இரண்டு ராத்தல் துணித் துண்டுகள் ஆகியவற்றைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஜூலை 19-ஆந் தேதி கப்பல் ஹோபார்ட் துறையை அடைந்தபோது, 2,815 துண்டுகளால் ஆன ஒரு பெரிய விரிப்புத் தயாராக இருந்தது. துண்டுகள் கொடுத்த சீமாட்டிகளுக்கு நன்றி கூறும் வாசகத்தையும் அதன் விளிம்பில் நூலால் எழுதியிருந்தார்கள். ஒரு சில கைகள் தேர்ந்தவை. மற்றவை அப்போதுதான் ஊசி பிடித்தவை என்பது தையலைப் பார்த்தாலே தெரிகிறது. 1980-களில் ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட அந்த விரிப்பு, இப்போது கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

நாதியற்ற அந்த ஸ்திரீகளுக்கு 105 நாட்களில் முடிந்தது, சகல வசதிகளும் உள்ளவர்களுக்குப் பதினைந்து வருஷத்தில் முடியாமற் போவதன் ரகசியம் என்ன? துணி ஒரே அளவு. வேறு வேலை தொடங்க மிச்சத் துணி கிடையாது. கூட உட்காரப் பல பேர். கரை சேரும் நாள் ஒன்று இருக்கிறது என்ற நிச்சயம். அளவு, துணை, தவணை ஆகிய இந்த மூன்றும் எந்த வேலைக்கும் பொருந்தும்.

மூட்டையை அவிழ்க்கும் முறை

இனி, தேர்ந்த போர்வைக்காரர்கள் தேங்கிய வேலைகளை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்க்கலாம்.

முதல் நாள் ஊசியைத் தொடுவதில்லை. எல்லா மூட்டைகளையும் வெளிச்சத்தில் அவிழ்த்து, ஒரு நோட்டில் ஜாபிதா எழுதுகிறார்கள். எப்போது தொடங்கியது, யாருக்காக, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பவை அதில் வர வேண்டும். துணி மட்டும் வாங்கி வைத்து வெட்டவே தொடங்காதவற்றை இதில் சேர்ப்பதில்லை. அவை முடியாத வேலைகளல்ல; ஆசைகள். அவற்றைத் தனியே கட்டி வைத்ததுமே மூட்டைகளின் எண்ணிக்கை குறைந்து மனம் லேசாகிறது.

பிறகு, கரைக்கு அருகில் இருப்பதை முதலில் எடுக்கிறார்கள். விளிம்பு மட்டும் பாக்கியுள்ள போர்வை ஒன்று எப்படியும் இருக்கும். முன் சொன்ன அளவுள்ள போர்வைக்குச் சுற்றளவு 340 அங்குலம். பத்துக் கஜத்துக்கும் குறைவுதான். நான்கைந்து மாலைப் பொழுதில் கையாலேயே முடித்துவிடலாம். ஒன்று முடிந்தால், அடுத்ததை எடுக்கத் தைரியம் பிறக்கிறது. மிகக் கடினமானதை முதலில் எடுத்து வீரம் காட்டுகிறவர்களே மறுபடியும் மூட்டையைக் கட்டி வைக்கிறார்கள்.

மூன்றாவதாக, எண்ணியதைவிடச் சிறிதாக முடிக்கத் துணிய வேண்டும். ஓரடிக் கட்டங்கள் முப்பது சேர்ந்தால் கட்டிலுக்கு ஒரு போர்வை. பன்னிரண்டோடு சலித்துப் போயிற்றா? மூன்றுக்கு நான்காக அடுக்கினால் 36 அங்குலத்துக்கு 48 அங்குலம். குழந்தைக்கு அருமையான போர்வை. பதினெட்டுக் கட்டங்கள் குறைந்தன என்று குழந்தை புகார் செய்யப் போவதில்லை.

நான்காவதாக, தெரியாததையும் இயலாததையும் பிறரிடம் கொடுக்க வேண்டும். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கென்றே நீண்ட கையுள்ள பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு, கூலிக்குத் தைத்துத் தருவோர் இருக்கிறார்கள். அல்லது தையலே இல்லாமல், சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு அடுக்குகளை நிறுத்தும் பழைய எளிய முறையும் உண்டு. போர்வை போர்வையாக வேண்டும். பரீட்சையில் முதல் வகுப்பு வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஐந்தாவது, தவணை. சில சங்கங்களில் அங்கத்தினர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு வேலைகளை எழுதி எண் இட்டுக்கொள்கிறார்கள். மாதந்தோறும் ஒரு எண்ணைச் சீட்டெடுத்து அறிவிப்பார்கள். ஏழு என்று வந்தால், அவரவர் ஜாபிதாவில் ஏழாவதாக உள்ளதை அந்த மாதம் எல்லாரும் எடுத்தாக வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று யோசித்தே பொழுதைக் கழிக்கிறவர்களுக்கு இது கைகண்ட மருந்து.

கடைசியாக, விட்டுவிடத் தெரிய வேண்டும். "இதை இன்று ஒரு கடையில் பார்த்தால், நான் தொடங்குவேனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டியது. இல்லை என்று மனம் சொன்னால், தானம் செய்துவிடலாம். ஒன்றிரண்டாய் மிஞ்சிய துண்டுகளுக்கு அங்கே "அநாதைக் கட்டங்கள்" என்று பெயர். சங்கங்களில் அவற்றை ஒரு கூடையில் போட்டு வைத்தால், வேண்டியவர்கள் எடுத்து, வேறு வேறு கைகளில் பிறந்தவற்றை ஒன்றாக்கி, ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கும் வீடிழந்தவர்களுக்கும் போர்வையாக்கிக் கொடுக்கிறார்கள். தீர்மானித்து விட்ட வேலை கடன் அன்று. தீர்மானிக்காமல் மூலையில் கிடப்பதுதான் கடன்.

பிறர் விட்டுச் சென்றவை

இதுவரை சொன்னவை, உயிரோடு இருப்பவர் தம் சொந்த வேலையைத் தீர்க்கும் வழிகள். போர்வைக்காரி போய்விட்டால்?

2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், சிகாகோ நகருக்கு அருகில், 99 வயதில் காலமான ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. அங்கே சென்ற ஒரு தையற்கலைஞர், ஒரு பெட்டி நிறையத் துணிகளைக் கண்டார். அமெரிக்காவின் 50 மாகாணங்களுக்கும் ஒவ்வொரு துண்டாகப் பூத்தையல் செய்து ஒரு பெரிய போர்வையாக்க அந்த மூதாட்டி திட்டமிட்டிருந்தார். துணிகளில் கோடுகள் வரைந்தாகிவிட்டன. தையல் தொடங்கிய அளவிலேயே நின்றிருந்தது. தொண்ணூறு கடந்தும் இவ்வளவு பெரிய வேலையை ஒருவர் எண்ணினாரே என்று அந்தக் கலைஞரின் மனம் உருகிற்று. இதை முடிக்க உதவுவார் உண்டா என்று இணையத்தில் ஒரு வார்த்தை எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். துண்டுகள் தபாலில் நாடெங்கும் சென்றன. பூத்தையல் முடிந்து திரும்பி வந்தன. பலர் கூடி அவற்றை இணைத்து முடித்தார்கள். முன்பின் பார்த்தறியாத ஒரு கிழவிக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கைகள் தைத்த அந்தப் போர்வை, பின்னர் கெண்டக்கி மாகாணத்தில் பதூக்கா நகரிலுள்ள தேசிய போர்வைப் பொருட்காட்சி சாலையில் வைக்கப்பட்டது.

2022-இல் இரண்டு தோழிகள் சேர்ந்து இதையே ஒரு தொண்டாகத் தொடங்கினார்கள். "லூஸ் எண்ட்ஸ்", அதாவது கட்டப்படாத நூல் முனைகள் என்பது அதன் பெயர். ஒருவர் இறந்ததாலோ, நோயினால் கை ஓய்ந்ததாலோ நின்றுபோன தையல், பின்னல் வேலைகளைக் குடும்பத்தார் அனுப்பினால், அந்த வேலை தெரிந்த ஒரு தொண்டர் கூலி வாங்காமல் முடித்துக் கொடுக்கிறார். இன்று பல தேசங்களில் ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அம்மா தைக்கத் தொடங்கிய போர்வையை வேறொருத்தி முடித்துத் தர, மகள் வாங்கிப் போர்த்திக்கொள்கிறாள். எந்த இடத்தில் அம்மாவின் தையல் நிற்கிறது, எந்த இடத்தில் அந்நியரின் தையல் ஆரம்பிக்கிறது என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். தேர்ந்த தொண்டர்கள் அதை மறைக்கப் பிரயாசைப்படுவதில்லை. அந்த இடத்தைத் தடவிப் பார்க்கவே அநேகர் விரும்புகிறார்கள்.

இதிலிருந்து ஒரு சிறு கடமை நமக்குப் புலப்படுகிறது. முடியாத வேலைகளை வைத்திருப்பது பாவமன்று. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி வைக்க வேண்டும். இது யாருக்காக, எந்த வருஷம் தொடங்கியது, எப்படி முடிக்க எண்ணம், மிச்சத் துணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நான்கு வரி. சீட்டு இருந்தால் அது இன்னொருவர் தொடரக்கூடிய வேலை. சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் மூட்டை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் மூட்டைகளை என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

போர்வை தைக்காத நம் வீடுகளிலும் முடியாத மூட்டைகள் இல்லாமலில்லை. பாதி எழுதிய குடும்ப வரலாறு, பெயர் குறிக்காத பழைய புகைப்படங்கள், பாட்டி சொல்லச் சொல்லப் பாதி மட்டும் எழுதி வைத்த பாட்டுகள் என்று எத்தனையோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவற்றில் ஒன்றை வெளிச்சத்தில் அவிழ்த்துப் பாருங்கள். முடிக்க முடிந்ததை முடியுங்கள். சிறிதாக்கக் கூடியதைச் சிறிதாக்குங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஒரு சீட்டு எழுதிக் குத்தி வையுங்கள். அடுத்த கை எங்கே தொடங்க வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமல்லவா?